டேப்லெட் வாங்கினால் லேப்டாப் தேவைப்படாதா? வாங்கும் முன் நீங்களே சோதித்துப் பார்க்கும் வழி

டேப்லெட்டோடு ஒரு கீபோர்டையும் வாங்கிவிட்டால் லேப்டாப் இல்லாமலே சமாளித்துவிடலாமா? புதிதாகக் கருவி வாங்கப் போகிற பலருக்கும் இந்தச் சந்தேகம் வருகிறது. கேட்டால் ஒருவர் “தாராளமாக” என்பார், அடுத்தவர் “பணம் வீண்” என்பார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அவரவர் பார்க்கும் வேலையை வைத்துச் சொல்கிறார்கள். உங்கள் வேலைக்கு என்ன பதில் என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இன்றைய நல்ல டேப்லெட்டுகளுக்கு வேகம் ஒரு பிரச்சினை இல்லை. 2020 இறுதியில் மேக்புக் ஏரில் வந்த அதே எம்1 சிப்தான் 2021-இல் ஐபேட் ப்ரோவிலும் வந்தது. ஆனாலும் மேக்புக்கில் ஓடும் பல மென்பொருள்கள் அந்த ஐபேடில் ஓடுவதில்லை. சிப்புக்குச் சக்தி இருந்தும், அதன்மேல் இருக்கும் இயங்குதளம் அனுமதிப்பதைத்தான் நாம் செய்ய முடியும். அதனால் ப்ராசஸரின் பெயரையும் அது எடுத்த மதிப்பெண்ணையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

டேப்லெட்டுக்கு மாறியவர்களை மறுபடியும் லேப்டாப்புக்கு இழுப்பது பெரும்பாலும் தினசரி வேலை அல்ல. மெயில், எழுத்து, வகுப்பு, வீடியோ எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் ஒரு கோப்பு வரும், அது திறக்காது. அல்லது ஒரு படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கும், அந்தத் தளம் டேப்லெட்டில் சரியாக வேலை செய்யாது. எப்போதாவது வந்தாலும் தட்டிக்கழிக்க முடியாத அந்த ஒன்றிரண்டு வேலைகள்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. அவற்றை வாங்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டால் போதும்.

முதல் படி: செய்யும் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, இப்போது கணினியில் செய்யும் வேலைகளை எல்லாம் எழுதுங்கள். புதிதாகத்தான் கணினிப் பழக்கத்துக்கு வருகிறீர்கள் என்றால், படிப்புக்கோ வேலைக்கோ செய்ய வேண்டியிருக்கும் என்று தெரிந்தவற்றை எழுதுங்கள். “ஆபீஸ் வேலை”, “படிப்பு” என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் பயன் இல்லை. எந்த மென்பொருள், எந்த மாதிரிக் கோப்பு, அதில் என்ன செய்கிறீர்கள் என்பது வரை போக வேண்டும். “எக்செல்” என்று எழுதினால் போதாது. “விற்பனைக் கணக்கு எக்செல், பட்டனை அழுத்தினால் அறிக்கை வரும்” என்று எழுதினால்தான் உதவும்.

எக்செலையே எடுத்துக்கொள்வோம். ஐபேடுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் மைக்ரோசாஃப்ட்டே எக்செல் செயலி தருகிறது. சாதாரணக் கணக்கு, சூத்திரம், வரைபடம் எல்லாம் அதில் நடக்கும். ஆனால் அந்த பட்டனுக்குப் பின்னால் இருப்பது விபிஏ மேக்ரோ, அதாவது எக்செல் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்த சிறு நிரல். மேக்ரோ உள்ள கோப்பு டேப்லெட்டில் திறக்கும், எண்கள் எல்லாம் தெரியும், பட்டனும் கண்ணுக்குத் தெரியும். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஏனென்றால் விபிஏ மேக்ரோக்கள் விண்டோஸ், மேக் எக்செலில் மட்டுமே ஓடும். வேர்டிலும் இப்படித்தான். ஒரே கடிதத்தை நூறு பேருக்குப் பெயர் மாற்றி அனுப்பும் மெயில் மெர்ஜ் வசதி டேப்லெட் வேர்டில் கிடையாது. “எங்கள் டேப்லெட்டில் வேர்டும் எக்செலும் உண்டு” என்று விற்பவர் சொல்வது உண்மைதான். அதில் எது விடுபட்டிருக்கிறது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாளில் ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் வேலைகளுக்கும் இடம் விடுங்கள். வரித் தாக்கல், இணையத் தேர்வு, விண்ணப்பம், பழைய பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் போன்றவை அவசரத்தில்தான் நினைவுக்கு வரும்.

இரண்டாம் படி: மூன்றாகப் பிரியுங்கள்

எழுதிய ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: பிரவுசரில் முடியும், செயலியில் முடியும், முழு மென்பொருள் வேண்டும்.

பிரவுசரில் முடிகிற வேலைகள் பெரும்பாலும் டேப்லெட்டிலும் முடியும். 2019-இல் ஐபேட் ஓஎஸ் தனி இயங்குதளமாகப் பிரிந்தபோதே, ஐபேடின் சஃபாரி தளங்களின் கணினி வடிவத்தைக் கேட்டு வாங்கத் தொடங்கிவிட்டது. ஆண்ட்ராய்டு குரோமில் மெனுவுக்குள் போய் கணினித் தளம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இரண்டு இடங்களில் தடுக்கும். ஒன்று, பிரவுசர் நீட்டிப்புகள், அதாவது பிரவுசரில் நாமே கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு வசதிகள். உங்கள் வேலை ஏதாவது ஒரு குரோம் நீட்டிப்பை நம்பி இருந்தால், டேப்லெட் குரோமில் அதை எதிர்பார்க்காதீர்கள். ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸும் ஐபேடில் சஃபாரியும் நீட்டிப்புகளை ஏற்கும், ஆனால் உங்களுக்கு வேண்டியது அங்கே இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். இரண்டு, “குரோமில் மட்டுமே இயங்கும்” என்று சொல்லும் தளங்கள். ஐபேடில் குரோம் என்ற பெயரில் இருப்பதும் உள்ளுக்குள் பக்கங்களைக் காட்டுவது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின்தான். அதனால் அப்படிப்பட்ட தளம் ஐபேட் குரோமிலும் முரண்டு பிடிக்கலாம்.

செயலியில் முடிகிற வேலைகளில், செயலி இருக்கிறதா என்பதோடு நிற்காமல் அது முழுச் செயலியா என்றும் பாருங்கள். ஃபோட்டோஷாப் 2019-லும் இல்லஸ்ட்ரேட்டர் 2020-லும் ஐபேடுக்கு வந்தன. நல்ல செயலிகள்தான், ஆனால் கணினி வடிவத்தில் இருக்கும் எல்லாக் கருவிகளும் அவற்றில் இல்லை. ஃபைனல் கட் ப்ரோவும் லாஜிக் ப்ரோவும் 2023-இல் ஐபேடுக்கு வந்தன. வரைவது, குறிப்பெடுப்பது, புகைப்படம் திருத்துவது, குறும்படம் வெட்டுவது போன்றவற்றில் டேப்லெட் பல லேப்டாப்புகளை விட இயல்பாகவே கை கொடுக்கும். பேனா பிடித்து நேராகத் திரையில் வரையும் வசதிக்கு டச்பேட் ஈடாகாது.

முழு மென்பொருள் வேண்டும் என்று குறித்தவைதான் முக்கியம். நிரல் எழுதுகிறீர்களா? ஆப்பிளின் எக்ஸ்கோட் ஐபேடில் கிடையாது, ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸ்தான் உண்டு. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலேயே ஓடாது. பைத்தான் கற்றுக்கொள்ள மட்டும் என்றால் செயலிகள் இருக்கின்றன, ஆண்ட்ராய்டில் கட்டளைகளை அடித்து வேலை செய்யும் டெர்மக்ஸ் செயலி இருக்கிறது, பிரவுசரிலேயே நிரல் எழுதும் தளங்களும் உண்டு. கற்பதற்கு அது போதும், அதையே தொழிலாகச் செய்பவருக்குப் போதாது. பொறியியல் வரைபடம், முழுமையான கணக்கு மென்பொருள், புள்ளியியல் மென்பொருள், கணினி விளையாட்டுகள் எல்லாம் இந்த வரிசையில்தான் வரும்.

மூன்றாம் படி: எந்த வகை டேப்லெட்?

டேப்லெட் என்று ஒரே பெயரில் அழைத்தாலும், உள்ளே வேறு வேறு இயங்குதளங்கள். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

விண்டோஸ் டேப்லெட் என்பது கீபோர்டைக் கழற்றிவிடக்கூடிய லேப்டாப் என்றே வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ப்ரோ இதற்கு நல்ல உதாரணம். 2014-இல் சர்ஃபேஸ் ப்ரோ 3 வந்தபோது, லேப்டாப்பின் இடத்தைப் பிடிக்கும் டேப்லெட் என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். முழு எக்செல், முழு குரோம் எல்லாம் இதில் உண்டு, மேக்ரோவும் ஓடும். தாளில் மூன்றாம் வகை வேலைகள் நிறைய இருந்து, பேனாவும் வேண்டும் என்றால் இதுதான் பாதுகாப்பான தேர்வு. கையில் வைத்துப் படிப்பதற்கும் சோபாவில் சாய்ந்து படம் பார்ப்பதற்கும் இது அவ்வளவு சுகப்படாது. தொடுதிரைக்கென்றே செய்த செயலிகள் விண்டோஸில் குறைவு.

விண்டோஸிலும் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. சிலவற்றில் இன்டெல், ஏஎம்டி சிப் இருக்கும், சிலவற்றில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் போன்ற, அவற்றிலிருந்து வேறுபட்ட ஆர்ம் வகைச் சிப் இருக்கும். 2012-இல் வந்த முதல் சர்ஃபேஸ் ஆர்டி ஆர்ம் சிப்பில் ஓடியது. பழைய விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியவில்லை. விற்காமல் தேங்கிய அந்த டேப்லெட்டுகளுக்காக 2013-இல் மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆர்மில் ஓடும் விண்டோஸ் 11, மற்ற சிப்புகளுக்காக எழுதிய மென்பொருள்களையும் பெரும்பாலும் ஓட்டிவிடும். ஆனால் வெளிக் கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் மட்டும் ஆர்முக்காகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். தாளில் பழைய ஸ்கேனர், கையொப்ப டோக்கன், ஆய்வகக் கருவி மாதிரி ஏதாவது இருந்தால், அதற்கு ஆர்ம் டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். எஸ் மோடு என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் செயலிகளை மட்டும் அனுமதிக்கும் பூட்டு அது. செட்டிங்ஸில் இலவசமாக எடுத்துவிடலாம், ஆனால் எடுத்தபின் திரும்ப எஸ் மோடுக்குப் போக முடியாது.

ஐபேடில் நல்ல செயலிகள் அதிகம். 2020 மார்ச்சில்தான் முறையான மவுஸ், டச்பேட் வசதி வந்தது. 2025-இல் வந்த ஐபேட் ஓஎஸ் 26, விண்டோக்களை விரும்பியபடி சுருக்கவும் விரிக்கவும் இடம் மாற்றவும் வழி செய்தது, மேலே மெனு பட்டியையும் கொடுத்தது. முன்பு ஐபேடை வைத்துச் சலித்துப் போனவர்கள் இன்னொரு முறை பார்க்கலாம். அது லேப்டாப்புக்கு இவ்வளவு நெருங்கி வந்தது இதுவே முதல் முறை. ஆனாலும் மேக் மென்பொருள் அதில் ஓடாது.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும். சாம்சங் தன் உயர்வகை டேப்லெட்டுகளில் 2018 முதல் டெக்ஸ் என்ற வசதியைத் தருகிறது. அதை இயக்கினால் கணினி போலவே கீழே பட்டியும் தனித்தனி விண்டோக்களும் வரும். எழுதவும் படிக்கவும் நான்கைந்து செயலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்யவும் நன்றாக இருக்கிறது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டை லேப்டாப்புக்கு மாற்றாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 4 ஜிபி ரேமில், எழுதிக்கொண்டிருந்த பக்கத்தை விட்டு வேறு செயலிக்குப் போய்த் திரும்பினால், பக்கம் முதலிலிருந்து லோட் ஆகும். நிரப்பிய படிவம் காலியாக நிற்கும். படம் பார்க்க அது போதும், வேலைக்கு 8 ஜிபி வேண்டும்.

பிரவுசரை மையமாக வைத்த கூகுளின் குரோம் ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் டேப்லெட்டுகளும் சில உண்டு. தாளில் எல்லாமே “பிரவுசரில் முடியும்” என்று இருந்தால் அவற்றையும் பார்க்கலாம்.

நான்காம் படி: வாங்காமல் ஒத்திகை பாருங்கள்

பலரும் தவிர்த்துவிடும் படி இது. ஆனால் வீண்செலவிலிருந்து காப்பாற்றுவதும் இதுதான்.

கையில் லேப்டாப் இருக்கிறதா? ஒரு வாரத்துக்கு அதில் பிரவுசரை மட்டும் வைத்து எல்லா வேலையையும் செய்து பாருங்கள். பிரவுசரில் முடியாததை போனில் இருக்கும் செயலியில் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போனோடு ஒரு ப்ளூடூத் கீபோர்டையும் மவுஸையும் இணைத்தால், ஆண்ட்ராய்டு டேப்லெட்டின் அனுபவம் ஓரளவுக்குக் கிடைத்துவிடும். ஐபோன் இருந்தால், ஐபேடில் இருக்கும் செயலிகள் எப்படி என்று தெரிந்துகொள்ளலாம். வேறு வழியே இல்லாமல் ஒரு மென்பொருளைத் திறக்க வேண்டி வந்தால் திறங்கள். ஆனால் ஏன் திறந்தீர்கள் என்பதை ஒரு தனித் தாளில் எழுதுங்கள்.

வாரக் கடைசியில் தாளைப் பாருங்கள். ஒன்றுமே இல்லை என்றால் எந்த நல்ல டேப்லெட்டும் உங்களுக்குப் போதும். ஒன்றிரண்டு வேலைகள் மட்டும், அதுவும் எப்போதாவது வருபவை என்றால், அதற்கான மாற்று வழி கீழே இருக்கிறது. தினமும் ஒரு வரி எழுதியிருந்தால் விண்டோஸ் டேப்லெட்டோ லேப்டாப்போதான் சரி. மனதைத் தேற்றிக்கொண்டு ஐபேடோ ஆண்ட்ராய்டோ வாங்காதீர்கள், வாங்கிய பின் தினமும் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு சோதனை, நண்பரின் டேப்லெட்டையோ கடையில் வைத்திருக்கும் மாதிரியையோ பயன்படுத்தி ஒரு முழு வேலையைச் செய்து பார்ப்பது. சும்மா திரையைத் தள்ளிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. மெயிலில் வந்த ஒரு வேர்டு கோப்பைத் திறந்து, இரண்டு பத்தி திருத்தி, பிடிஎஃப் ஆக்கி, திருப்பி அனுப்புங்கள்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதில் தெரிந்துவிடும். மெயிலில் கோப்பைத் தட்டினால் முன்னோட்டம் திறக்கும். அங்கிருந்து வேர்டுக்கு அனுப்பினால் வேர்டு தனக்கென்று ஒரு நகலை எடுத்துக்கொள்ளும். நீங்கள் திருத்துவது அந்த நகலைத்தான். திரும்ப மெயிலுக்கு வந்து பார்த்தால், அங்கே திருத்தாத பழைய கோப்பு அப்படியே இருக்கும். அவசரத்தில் அதையே அனுப்பிவிடுவார்கள். சரியான முறை இது: மெயிலில் வந்த கோப்பை முதலில் ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரில் சேமியுங்கள். பிறகு வேர்டைத் திறந்து, அங்கிருந்து அந்த ஃபோல்டருக்குப் போய் கோப்பைத் திறங்கள். திருத்தி முடித்ததும், புதிய மெயிலில் அதே ஃபோல்டரிலிருந்து இணையுங்கள். லேப்டாப்பில் கோப்பை மையமாக வைத்து வேலை செய்யப் பழகியவர்களுக்கு, செயலியை மையமாக வைத்த இந்த ஏற்பாடு சில நாட்கள் எரிச்சலூட்டும். கோப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐந்தாம் படி: அளவு, கீபோர்டு, போர்ட்

திரை 11 அங்குலமா 13 அங்குலமா என்பது விருப்பம் சார்ந்ததாகத் தோன்றும். ஆனால் இரண்டு விண்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு 11 அங்குலத்தில் கண் வலிக்கும். எடுத்துச் செல்வதும் படிப்பதும் முக்கியம் என்றால் 11, மேசையில் வைத்து மணிக்கணக்கில் எழுதுவது முக்கியம் என்றால் 13. இன்னொரு நுணுக்கமும் உண்டு: மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் செயலிகளில் கோப்புகளை இலவசமாகத் திருத்த 10.1 அங்குலம் வரையிலான திரைகளில்தான் அனுமதி. அதற்கு மேல் போனால் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். பட்ஜெட் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடையைப் பற்றிய நம்பிக்கை ஒன்றையும் சரிபார்க்க வேண்டும். “டேப்லெட் லேசானது” என்பது கீபோர்டு இல்லாமல் பார்த்தால்தான். 2021-இல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோவின் எடை 682 கிராம். ஆப்பிளின் மேஜிக் கீபோர்டை மாட்டினால் இரண்டும் சேர்ந்து 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏரை விடக் கனமாகிவிடும். அந்த மேக்புக் ஏர் 1.29 கிலோதான். விலையிலும் இதே கதை. டேப்லெட், கீபோர்டு, பேனா மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் லேப்டாப் விலையோடு ஒப்பிடுங்கள்.

கீபோர்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். நீங்கள் அதிகம் தொடப்போவது அதைத்தான். டேப்லெட்டோடு காந்தமாக ஒட்டி, சிறு தொடுமுனைகள் வழியே இணையும் வகைக்குத் தனியே சார்ஜ் போட வேண்டாம், ஒவ்வொரு முறையும் ப்ளூடூத்தில் இணைக்கவும் வேண்டாம். டச்பேட் அவசியம். அது இல்லாவிட்டால் எழுதிக்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்கித் திரையைத் தொட வேண்டியிருக்கும், அரை மணி நேரத்தில் தோள் வலி தொடங்கிவிடும். மடியில் வைத்து எழுதும் பழக்கம் இருந்தால், பின்னால் காலூன்றி நிற்கும் வகைக் கீபோர்டு உறையை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேசையில் கச்சிதமாக நிற்பது மடியில் சரிந்துவிடும்.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். திரையில் வரும் தமிழ்க் கீபோர்டு ஒரு மாதிரி, தனியாக இணைக்கும் கீபோர்டில் தமிழ் அடிப்பது வேறு மாதிரி. ஒலிபெயர்ப்பில் அடித்துப் பரிந்துரையைத் தேர்ந்தெடுத்துப் பழகியவர்களுக்கு, அந்த முறை வெளிக் கீபோர்டில் அப்படியே வராமல் போகலாம். தமிழ் 99 போன்ற அமைப்பு வேலை செய்கிறதா, மொழி மாற்ற எந்த விசை என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

போர்ட் என்று வரும்போது, யூஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது. சில டேப்லெட்டுகளில் அந்தத் துளை யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் வேலை செய்யும், அதாவது நொடிக்கு 480 மெகாபிட். பெரிய வீடியோக்களை வெளி டிரைவுக்கு மாற்றுபவர்களுக்கு இது காத்திருப்பிலேயே நேரத்தைத் தின்றுவிடும். வெளித் திரையை இணைப்பதிலும் வித்தியாசம் உண்டு. எம் வரிசைச் சிப் உள்ள ஐபேடில் வெளித் திரையைத் தனி இடமாகப் பயன்படுத்தலாம், மற்ற ஐபேடுகளில் டேப்லெட்டில் தெரிவதே அங்கும் தெரியும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றில் வெளித் திரைக்குப் படமே போகாது. மானிட்டரில் இணைத்து வேலை செய்வது உங்கள் திட்டம் என்றால், “வீடியோ அவுட்புட்” உண்டா என்று விவரப் பட்டியலில் தேடுங்கள்.

பல டேப்லெட்டுகளில் சேமிப்பிடத்தைப் பிறகு கூட்ட முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். ஐபேடில் மெமரி கார்டு போட இடமே இல்லை. வேலைக்கு என்றால் 128 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். இயங்குதள அப்டேட் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்று நிறுவனம் சொல்லியிருப்பதையும் பாருங்கள், குறிப்பாக ஆண்ட்ராய்டில்.

ஆறாம் படி: வாங்கிய முதல் வாரம்

முதல் வேலை, கோப்புகளுக்கு ஒரே வீடு. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், ஐகிளவுட் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதில் வையுங்கள். அடிக்கடி வேண்டிய ஃபோல்டர்களை இணையம் இல்லாமலும் திறக்கும்படி குறித்துவையுங்கள். கிளவுடில் இருக்கும் கோப்பு டேப்லெட்டில் இருப்பது போலவே பெயரோடு தெரியும், ஆனால் நெட் இல்லாத இடத்தில் தட்டினால் திறக்காது. முக்கியமான கூட்டத்துக்கு முந்தின நாள் விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

அடுத்து, ஷார்ட்கட்டுகள். ஐபேடில் எந்தச் செயலியில் இருந்தாலும் கமாண்ட் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், அந்தச் செயலியின் ஷார்ட்கட்டுகள் திரையில் வரும். அதைப் பார்த்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பழகினால் போதும். வெளி நிறுவனக் கீபோர்டில் எஸ்கேப் விசை இல்லாவிட்டால், செட்டிங்ஸில் வெளிக் கீபோர்டுக்கான பகுதிக்குப் போய் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய கோப்பை ஏற்றும்போதும் இறக்கும்போதும் மட்டும் லேப்டாப் பழக்கத்தை விட வேண்டும். லேப்டாப்பில் அப்லோடைத் தொடங்கிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவோம். டேப்லெட்டில் பின்னால் போன செயலியை இயங்குதளம் உறங்க வைத்துவிடக்கூடும், அப்லோடும் பாதியில் நிற்கும். ஐபேட் ஓஎஸ் 26 இதைச் சரிசெய்ய வழி கொடுத்திருக்கிறது, ஆனால் ஒவ்வொரு செயலியும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். முக்கியமான வீடியோவை அனுப்பும்போது அந்தச் செயலியைத் திரையில் வைத்தபடியே முடிப்பது நல்லது.

தினமும் பல மணி நேரம் எழுதுபவரா? டேப்லெட்டை ஒரு ஸ்டாண்டில் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனிக் கீபோர்டில் அடியுங்கள். ஒட்டும் கீபோர்டு வெளியே எடுத்துச் செல்லும்போது உதவும். நாள் முழுக்கக் குனிந்து சிறிய திரையைப் பார்த்தால் கழுத்துக்கு ஆகாது.

மிச்சமான அந்த ஒன்றிரண்டு வேலைகள்

ஒத்திகைத் தாளில் எப்போதாவது வரும் முழு மென்பொருள் வேலை ஏதாவது நின்றதல்லவா, அதற்குப் பழைய லேப்டாப்பையே பயன்படுத்தலாம். வீட்டில் அதைச் சார்ஜில் போட்டு, இணையத்தில் இணைத்துவிட்டு, டேப்லெட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் அதன் திரைக்குள் நுழையலாம். விண்டோஸ் ப்ரோ இருந்தால், இரண்டும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும்போது மைக்ரோசாஃப்டின் சொந்த வசதியே போதும். விண்டோஸ் ஹோமில் அந்த வசதி வழியே நுழைய அனுமதி இல்லை, ஆனால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் அதிலும் வேலை செய்யும், வீட்டுக்கு வெளியே இருந்தும் நுழையலாம். மேக்ரோ உள்ள எக்செல் அந்த லேப்டாப்பில் ஓடும், உங்களுக்கு டேப்லெட்டில் தெரியும். லேப்டாப் உறங்கப் போகாதபடி அமைத்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் நெட் நன்றாக இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை என்றால் இது அருமையான ஏற்பாடு. தினமும் இதையே நம்பி இருப்பதாக இருந்தால் லேப்டாப்பில் நேராக உட்கார்வதே நல்லது.

இணையத் தேர்வு எழுதுபவர்கள் மட்டும் இந்த வழியை நம்பக் கூடாது. தேர்வுக்கான கண்காணிப்பு மென்பொருள்கள் இப்படி வெளியிலிருந்து நுழைவதைத் தடுக்கும், பலவற்றுக்கு விண்டோஸோ மேக்கோதான் வேண்டும். தேர்வு நடத்துபவர்களிடம் கருவியின் பெயரைச் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு என்ன என்று என் கருத்தைக் கேட்டால்: பாடம் படித்து, கையால் குறிப்பெடுத்து, கட்டுரை எழுதும் மாணவருக்கு நல்ல டேப்லெட்டும் கீபோர்டும் லேப்டாப்பை விடவே சிறந்தவை. கணினி அறிவியலோ பொறியியலோ படிப்பவர் லேப்டாப் வாங்க வேண்டும், டேப்லெட் அதற்குப் பிறகுதான். எழுத்தாளர், ஆசிரியர், ஓவியர், பயணத்தில் மெயிலும் கூட்டமுமாக இருப்பவர் தைரியமாக மாறலாம். கணக்குத் துறையில் இருப்பவர் விண்டோஸை விட்டு வெளியே வராமல் இருப்பது நல்லது.

மாறிவிட்டீர்கள் என்றால் பழைய லேப்டாப்பை உடனே விற்றுவிடாதீர்கள். வரித் தாக்கல், ஆண்டுக் கணக்கு, விண்ணப்பம் போன்ற ஆண்டுக்கு ஒருமுறை வேலைகள் ஒரு சுற்று வந்து போகட்டும். அதன் பிறகு கோப்புகளை எல்லாம் கிளவுடுக்கும் ஒரு வெளி டிரைவுக்கும் நகலெடுங்கள். அந்த நகல்கள் டேப்லெட்டில் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று சிலவற்றைத் திறந்து பாருங்கள். வெளி டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்திருந்தால் ஐபேட், விண்டோஸ், மேக் மூன்றும் அதைப் படிக்கும், எழுதவும் செய்யும். லேப்டாப்பில் மட்டும் உள்நுழைந்திருக்கும் கணக்குகள், அதன் பிரவுசரில் மட்டும் சேமித்த கடவுச்சொற்கள், இரட்டைச் சரிபார்ப்புக்கு அதை நம்பியிருக்கும் தளங்கள் எல்லாவற்றையும் டேப்லெட்டுக்கும் போனுக்கும் மாற்றிய பிறகே லேப்டாப்பை முழுதாக அழித்து விற்பனைக்குக் கொடுங்கள்.